இடது கால் ஒருத்தி, வலது கால் ஒருத்தி

எங்க தெருவுல பன்னெண்டு பேர் வீட்லயே உக்காந்து ஷூவோட மேல்தோலைக் கையால தைக்கிறோம். ஆம்பூர் கம்பெனி வேன் வெட்டின தோலைக் கொண்டாந்து என் வீட்டுல இறக்கும். நான்தான் பிரிச்சுக் குடுத்து, தைச்சதை வாங்கித் திரும்ப அனுப்பணும். இருவது வருஷமா அப்படித்தான். போன வருஷம் ரெண்டு தடவை நாள் தள்ளிப் போச்சு. கம்பெனி சூப்பர்வைசர் அம்மா, என் பொண்ணு வயசு இருக்கும், வாசல்ல நின்னபடியே சொன்னாங்க.

"இன்னொரு தடவை லேட்டானா ஆலங்காயம் பக்கம் குடுத்துடுவோம்மா. அங்க ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் படிச்ச பொண்ணு பாத்துக்குது."

எனக்குச் சுருக்குன்னுச்சு. நான் மூணாவது வரைக்கும்தான் படிச்சேன், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அதுக்காக இன்னொருத்தி படிச்சது எனக்கு ஏறாதுன்னு ஆயிடுமா? யாரையும் கேக்கல. போன்ல மைக்கை அமுக்கி அந்தப் படிப்போட பேரைச் சொன்னேன். வந்த வீடியோவுல ஒரு ஆள் தமிழ்ல பேசினார். மத்தியானம் சாப்ட்டப்புறம் தினமும் கொஞ்சம் கேப்பேன். புரியலன்னா நிறுத்தித் திரும்பக் கேப்பேன். பெரிய வேலையைச் சின்னச் சின்னதா ஒடைக்கணும், எது முடிஞ்சா எது ஆரம்பிக்கும்னு பாக்கணும், தப்பு நடந்தா மறைக்காம முன்னாடியே சொல்லிடணும். பாதி நான் அடுப்பங்கரையில செய்யறதுதான், பேருதான் புதுசு. பழைய காலண்டர் தாளோட பின்பக்கம் கட்டம் போட்டேன். பேரு எழுத நேரமாவுதுன்னு ஒருத்திக்குப் பூ, ஒருத்திக்கு மீன், இப்படி அடையாளம் வெச்சேன்.

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செஞ்சா வேகம் ஜாஸ்தியாகும்னு அவர் சொல்லியிருந்தார். அதுவரைக்கும் ரெண்டு காலையும் ஒருத்தியே தைப்பா. இப்ப ஆறு பேருக்கு இடது கால் மட்டும், ஆறு பேருக்கு வலது கால் மட்டும் குடுத்தேன். கட்டம் மளமளன்னு ரொம்பிச்சு. கெடுவுக்கு நாலு நாள் இருக்கும்போதே எல்லாம் வந்துடுச்சு. தெருவுல கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.

ஜோடி சேக்க உக்காந்தப்பதான் தெரிஞ்சுது. ஒருத்தி நூலை இறுக்கி இழுக்கிறவ, அவ தைச்ச இடது கால் மூக்கு சுருங்கி நின்னுது. இன்னொருத்தி கை மெத்து, அவ தைச்ச வலது கால் தொளதொளன்னு கெடந்துது. எதிர்வீட்டுக்காரி ரெண்டையும் தூக்கிப் பாத்தா.

"இன்னாக்கா, ஒரு காலு மாமியார் வீட்டுக்கும் ஒரு காலு அம்மா வீட்டுக்கும் போவுதா?"

"வாயை மூடிக்கினு மூட்டையைப் பிரி."

"போன்ல பேசறவரு இதுக்கு இன்னா சொன்னாரு?"

"அவரு ஷூ தைச்சிருந்தாத்தானே சொல்லுவாரு."

ஒரு ஜோடியை ஒருத்தியே தைக்கிறது ஏன்னு இத்தனை வருஷத்துல நான் யோசிச்சதே இல்ல.

இறுக்கமானதை இறுக்கமானதோட, தளர்ந்ததைத் தளர்ந்ததோட சேத்தோம். பாதி தேறிச்சு. மீதியை நூல் பிரிச்சு, ஒருத்தியே ரெண்டு காலையும் தைக்கணும். ஓட்டை ஏற்கெனவே போட்ட தோல், அதனால கெடாது. ஆனா ஆறு நாள் ஆகும். இருந்தது நாலு.

சூப்பர்வைசர் அம்மாவுக்கு நானா போன் பண்றது பெரிய பேஜாரா இருந்துச்சு. பண்ணேன். நடந்ததை ஒண்ணு விடாம சொன்னேன். பாதி சொன்ன நாள்ல வரும், மீதி ரெண்டு நாள் கழிச்சு, தப்பு என்னுதுன்னேன்.

"மத்தவங்க வேன் வந்து நின்னப்புறம்தான் சொல்லுவாங்க, நீங்க முன்னாடியே சொல்லிட்டீங்க," ன்னாங்க. "சரி, மீதிக்குத் தனியா வேன் அனுப்பறேன். அதுக்கு மேல ஒரு நாள்கூட கேக்காதீங்க."

கேக்கல. ரெண்டாவது வேன்ல அவங்களே வந்தாங்க. பத்து ஜோடியை எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வெச்சு விரலால தடவிப் பாத்தாங்க. புதுத் தோல் கட்டை இறக்கச் சொல்லிட்டு, "இதுக்கு எத்தனை நாள் வேணும்மா?" ன்னாங்க. அதுவரைக்கும் எத்தனை நாள்னு அவங்கதான் சொல்லுவாங்க.

எல்லாரையும் கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்னேன்.