ப்யூஸ் போகாத வீடு

டீச்சர் வீட்டு வாசலில் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது அந்தக் கரண்ட் போர்டுதான். தேக்குப் பலகை, அதில் வெள்ளைப் பீங்கானில் மூன்று ப்யூஸ் கட்டைகள், மேலே கைப்பிடி வைத்த இரும்பு மெயின் சுவிட்ச். டீச்சருடைய கணவர், ரயில்வேயில் வேலை பார்த்தவர், தன் கையாலேயே மாட்டியது. அவர் போன பிறகும் டீச்சர் அந்தப் பலகையைக் காய்ந்த துணியால் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். "தெருவே இருட்டா இருந்தாலும் எங்க வீட்ல ப்யூஸ் போகாது, தெரியுமா?" என்பார். சொல்லும்போது முகத்தில் ஒரு களை வரும்.

இரும்புலியூரில் அந்த வீட்டுக்குப் பின்னால் ஓடு போட்ட இரண்டு குடித்தனங்கள். ஒன்றில் நாங்கள், இன்னொன்றில் மீன் விற்கும் அக்கா. நான் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போது மேடவாக்கம் ஏரியும் வயலுமாகக் கிடக்கும்; லாரியை மரத்தடியில் போட்டுவிட்டு ஒரு தூக்கம் தூங்கலாம். இப்போது அங்கேதான் மகள் வீட்டில் இருக்கிறேன், சாலையைக் கடக்கவே யாராவது கையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சரி, அது கிடக்கட்டும்.

மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் பொதுக்குழாய் கடிக்கும். சுவர் ஊறி, எங்கோ நைந்த ஒயரிலிருந்து கரண்ட் கசிந்து இரும்புக் குழாய்க்கு வந்துவிடும். டீச்சரிடம் யாரும் சொல்லவில்லை. போர்டைக் குறை சொன்னால் செத்துப்போன மனிதரைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். அதற்குப் பதில் ஒரு பழக்கம் வந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு, முதலில் புறங்கையால் குழாயைத் தட்டிப் பார்ப்போம். உள்ளங்கையால் பிடித்தால் கரண்ட் அப்படியே இறுக்கிக்கொள்ளும். புறங்கை என்றால் உதறித் தள்ளிவிடும்.

"இன்னா தம்பி, இன்னிக்கி கொழா நல்ல மூட்ல கீதா?" என்று மீன்கார அக்கா கேட்பாள்.

"நீயே கேட்டுக்கினு வாக்கா, நான் அப்பால புடிக்கிறேன்" என்பாள் என் மனைவி. சிரிப்போம். பயத்தைச் சிரித்துத்தான் ஓட்டினோம்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு டீச்சர் ஒரு எவர்சில்வர் தட்டில் கேக்கும் கல்கல் பலகாரமும் எடுத்துக்கொண்டு வந்தார். என் மகள் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். தட்டை நீட்டினார். குழந்தை கையை நீட்டி, திருப்பி, புறங்கையால் தட்டின் விளிம்பை இரண்டு முறை தட்டியது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் கேக்கை எடுத்தது.

"இதென்ன மரியாதை பாப்பா?" என்று டீச்சர் சிரித்தார். குழந்தை நாற்காலியையும் அப்படியே தட்டியது. கதவையும் தட்டியது. டீச்சரின் சிரிப்பு மெல்ல நின்றது. என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

அக்காதான் போட்டு உடைத்தாள். "மழ வந்தா கொழா ஷாக் அடிக்குது டீச்சர். நாங்கல்லாம் தட்டிப் பாத்துகினுதான் தொடுவோம். கொழந்தைக்கு இன்னா தெரியும்? ஒலகத்துல எல்லாமே கடிக்கும்னு நெனச்சிக்கினு கீது."

டீச்சர் தட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். வீட்டைக் காலி பண்ணச் சொல்லப்போகிறார் என்று நான் அக்காவைத் திட்டினேன்.

மறுநாள் வந்தது எலக்ட்ரீசியன். நடு ப்யூஸ் கட்டையைப் பிடுங்கிக் காட்டினார். முடி மாதிரி மெல்லிய கம்பி இருக்க வேண்டிய இடத்தில் தடித்த செம்புக் கம்பி, அதுவும் நாலு புரியாக முறுக்கியது.

"இது உருகாது டீச்சர். வூடுதான் உருகும்."

டீச்சர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். "சும்மா சும்மா ப்யூஸ் போகுதுன்னு நான்தான் அவர்கிட்ட சண்டை போடுவேன்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

பலகை இறங்கியது. ஒயரெல்லாம் மாற்றி, கரியும் உப்பும் கொட்டி எர்த் குழி போட்டு, கரண்ட் கசிந்தால் தானே விழும் டிரிப் சுவிட்ச் வைத்த புதுப் பெட்டியை மாட்டினார்கள். மாட்டிய அன்றே டீச்சர் பழைய அயர்ன் பாக்ஸைப் போட, சுவிட்ச் பட்டென்று விழுந்தது. அயர்ன் பாக்ஸில்தான் கோளாறு. "அவர் எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டார். இதுக்குப் பொறுமையே இல்ல. இப்படித்தான் இருக்கணும் போல" என்றார்.

பிறகு பின்பக்கம் வந்தார். நாங்கள் எல்லோரும் குழாயைச் சுற்றி நின்றிருந்தோம், யாரும் தொடவில்லை. டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, உள்ளங்கை முழுவதும் படக் குழாயைப் பிடித்தார். அக்கா மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் என் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அவள் வழக்கம்போலப் புறங்கையை நீட்டினாள். டீச்சர் அந்தச் சின்னக் கையைத் திருப்பி, குழாயின் மேல் விரித்து வைத்து, அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டார்.

"ஜில்லுன்னு இருக்கா? அவ்வளவுதான்டி கண்ணு. வேற ஒண்ணும் இல்ல."