செல்வராஜை ஏன் எடுக்கவில்லை

வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது தசைப்பிடிப்புக்குத் தடவும் தைலத்தின் நெடி. அதற்கு அடியில் வியர்வை. அதற்கும் அடியில், காலுறைகளுக்குள் புகுந்து வந்து சோபா விரிப்பில் கொட்டிக் கிடக்கும் மைதானத்துப் புழுதி. குவைத்தில் மங்காஃப் பகுதியில், ஐந்தாவது மாடியில் இருந்த எங்கள் வீட்டுக்கு அந்தக் குளிர்காலம் முழுக்க இந்த மணம்தான் இருந்தது. அம்மா எத்தனை ஊதுவத்தி ஏற்றியும் அது ஞாயிற்றுக்கிழமை வரை போகாது.

அப்பா ஒரு மின்சாதன நிறுவனத்தில் பொறியாளர். ஆனால் மங்காஃபில் அவரை எல்லோரும் அழைத்தது "மேனேஜர் சார்" என்றுதான், ஏனென்றால் தமிழர்கள் சேர்ந்து நடத்திய கிரிக்கெட் அணிக்கு அவர்தான் மேலாளர். அணிக்கு ஏதோ ஒரு நீளமான பெயர் இருந்தது. யாரும் அதைச் சொன்னதில்லை, "நம்ம டீம்" என்பதே போதுமாக இருந்தது. வங்கியிலும் மருந்துக் கம்பெனியிலும் வேலை பார்க்கிற குடும்பஸ்தர்கள் பாதிப் பேர், தொழிலாளர் "கேம்ப்"களில் ஓர் அறைக்கு எட்டுப் பேராகத் தங்கியிருந்த கட்டுமானத் தொழிலாளர்கள் பாதிப் பேர். வாரத்தின் மற்ற நாட்களில் ஒருவரையொருவர் பார்க்க வாய்ப்பில்லாத இவர்கள், வெள்ளிக்கிழமை காலை குடியிருப்புகளுக்குப் பின்னால் இருந்த கட்டாந்தரையில் சிமெண்டுப் பட்டையின் மேல் பிட்ச்சாகப் பாய் விரித்து ஆடிவிட்டு, மதியம் எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்து, அன்றைய ஆட்டத்தைப் பந்து பந்தாகப் பிரித்துப் போடுவார்கள். அம்மா இதற்கு வைத்த பெயர் "போஸ்ட்மார்ட்டம்".

அந்தப் பேச்சில் சொந்த விஷயம் எதுவும் வராது. ஊரைப் பற்றியோ, சம்பளத்தைப் பற்றியோ, கபீல் எனப்படுகிற அரபு முதலாளிகளைப் பற்றியோ யாரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை. யாரை எந்த இடத்தில் இறக்கினார்கள், கடைசி ஓவரை ஏன் சுழற்பந்துக்காரனிடம் கொடுத்தார்கள், போன வாரம் நன்றாக ஆடியவனை இந்த வாரம் ஏன் வெளியே உட்கார வைத்தார்கள் என்பவைதான் அந்தக் கூடத்தில் வாழ்வா சாவா என்கிற தொனியில் பேசப்பட்டன. வங்கியில் வேலை பார்த்த அணித்தலைவர் பிரபாகர் மாமா மெதுவாக, காரணங்களோடு பேசுவார். கேம்ப்காரர்களின் குரலாக இருந்தவர் கதிரேசன் அண்ணன், முதுகுளத்தூர்ப் பக்கம். அவர் எதையும் கேள்வியாகத்தான் கேட்பார், பதில் வருவதற்குள் அடுத்த கேள்வியைப் போட்டுவிடுவார்.

அவருடைய ஊர்க்காரர், ஒரே அறையில் கட்டிலுக்கு மேல் கட்டிலாகத் தங்கியிருந்தவர், செல்வராஜ் அண்ணன். உயரமான கட்டிடங்களுக்குச் சாரம் கட்டுகிற வேலை. நம்ம டீமின் வேகப்பந்து வீச்சாளர் அவர்தான். அவர் ஓடி வரும்போது எதிரணிக்காரர்கள் கையுறையைச் சரிசெய்துகொண்டு நேரத்தைக் கடத்துவதை நான் பார்த்திருக்கிறேன். கூடத்தில் மட்டும் அவர் பேச மாட்டார். செருப்பு அடுக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தன்னைப் பற்றிப் பேசினாலும் அடுத்தவனைப் பற்றிப் பேசினாலும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டிருப்பார்.

அந்த வருடம் தை பிறந்த சமயத்தில் அவருடைய வேகம் குறைந்தது. அதுவே சில வாரங்களுக்கு எங்கள் கூடத்தின் ஒரே பேச்சாயிற்று. ஓட்டத்தை நீட்ட வேண்டும் என்றார் ஒருவர், தோள்பட்டை இறங்கிவிட்டது என்றார் இன்னொருவர். பந்து விடுகிற நேரத்தில் முன்னங்கால் மடிகிறது என்று பிரபாகர் மாமா எழுந்து நின்று செய்தே காட்டினார். "கால் எதுக்கு மடியுது, அதைச் சொல்லுங்க" என்று கதிரேசன் அண்ணன் கேட்டார். வழக்கம்போல, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. டீ கொண்டுவந்து வைத்த அம்மா மட்டும் உள்ளே திரும்பியதும் அப்பாவைக் கூப்பிட்டு, "அந்தத் தம்பி முகம் ஏன் இப்படி ஊதிக் கெடக்கு?" என்று கேட்டாள். "ஓவர்டைம் பாக்கிறான், தூக்கம் பத்தல" என்றார் அப்பா.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் செல்வராஜ் அண்ணன் தனியாக வந்தார். வேலை நாளில் அவர் வருவது அதுதான் முதல் தடவை. நான் சாப்பாட்டு மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்திலேயே பேசி வளர்கிற பிள்ளை, பெரியவர்கள் தமிழில் தணிந்து பேசினால் புரியாது என்று நினைத்தார்களோ என்னவோ, யாரும் என்னை உள்ளே போகச் சொல்லவில்லை.

"கால் வீங்குது சார். டூட்டி முடிஞ்சு பூட்ஸைக் கழட்ட முடியல. ஒரு கிளினிக்ல காட்டினேன். கிட்னி ரெண்டுமே பாதிக்கு மேல போயிருச்சுங்கிறாங்க" என்றார். யாருடைய காலைப் பற்றியோ பேசுவதுபோல இருந்தது.

அப்பா, "கம்பெனிக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சா கலாஸ் சார், அவ்வளவுதான். போன வருஷம் எங்க ரூம்ல ஒருத்தனுக்கு ரிப்போர்ட் வந்த வாரமே டிக்கெட்டைக் கையில கொடுத்துட்டாங்க. ஊர்ல பொண்டாட்டி மாசமா இருக்கா. இந்த விசா முடியிற வரைக்கும் ஓட்டிட்டேன்னா போதும்."

"அப்ப இனிமே விளையாடாத."

"அதைச் சொல்லத்தான் வந்தேன். நீங்களே என்னை எடுக்காம விட்டுருங்க சார். நானா வரலேன்னா கதிரேசன் நோண்டி நோண்டிக் கேப்பான். அவனுக்குத் தெரிஞ்சா கேம்ப் பூரா தெரிஞ்சிரும்."

சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா, "சைட்டுக்கு மட்டும் போகலாமாக்கும்" என்றாள். அப்பா தனக்குத் தெரிந்த மலையாளி மருத்துவர் ஒருவரிடம் அவரை அழைத்துப்போனார், மாத்திரைகள் மாற்றினார்கள். ஆனால் சித்திரை வெயிலுக்கு முன்பே கொதிக்கத் தொடங்கிவிடும் அந்த ஊரில், இரும்புக் குழாய்களைத் தோளில் ஏற்றிக்கொண்டு சாரத்தில் ஏறுவதைச் செல்வராஜ் அண்ணன் நிறுத்தவில்லை. அப்பாவால் அவரை அணியிலிருந்துதான் நீக்க முடிந்தது.

முதல் வெள்ளிக்கிழமை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. இரண்டாவது வெள்ளிக்கிழமை தோற்றோம். கூடத்தில் ஆட்கள் நிறைந்ததுமே கதிரேசன் அண்ணன் ஆரம்பித்தார்.

"செல்வராஜை ஏன் எடுக்கல சார்?"

"ஃபார்ம்ல இல்ல."

"ஃபார்ம்ல இல்லாதவன் உங்க டீம்ல அவன் ஒருத்தன்தானா?"

அப்பா பொய் சொல்லத் தெரியாதவர். அன்று அவர், பிரபாகர் மாமா முன்பு சொன்ன காரணங்களையே ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார்: தோள் இறங்கிவிட்டது, கால் மடிகிறது, பந்து நடுவிலேயே விழுகிறது. செல்வராஜ் அண்ணன் அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமா, சார் சொல்றது சரிதான்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். தன் பந்துவீச்சு எவ்வளவு மோசமாகிவிட்டது என்பதை நிரூபிக்க அவரும் ஒன்றிரண்டு குறைகளை எடுத்துக்கொடுத்தார். எல்லாம் தெரிந்த நான் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு வாரம் பேச்சு தடித்தது. செல்வராஜ் அண்ணனுடைய இடத்தில் வந்த பையன் ஒரு வங்கி அதிகாரியின் தம்பி. சந்தேகத்துக்கு அது போதுமானதாக இருந்தது. "ஏ.சி. ரூம்ல இருக்கிறவங்களுக்குத்தான் இனிமே டீம்ல இடம்போல. நாங்க பாயைத் தூக்கிட்டு வந்து விரிக்க மட்டும்தான்" என்று கதிரேசன் அண்ணன் ஒரு நாள் சொன்னபோது, கேம்ப்காரர்கள் யாரும் அவரைத் தடுக்கவில்லை. டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு அவர்கள் எழுந்து போனார்கள். அப்பாவின் முகம் சிவந்திருந்தது. "சொல்லிட்டா என்ன?" என்று அம்மா கேட்டாள். "வாக்குக் கொடுத்திருக்கேன்" என்றார் அப்பா. அந்த வீட்டில் நான் அறிய அப்பா சாப்பிடாமல் படுத்தது அன்றுதான்.

ஆனாலும் தட்டுத்தடுமாறி நம்ம டீம் அந்தக் குளிர்காலப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. அதற்கு முந்தைய கூட்டத்தில் மறுபடியும் அதே கேள்வி வந்தபோது அப்பா, "என் முடிவு பிடிக்கலேன்னா நீங்களே பாத்துக்கங்க" என்று விலகிக்கொண்டார். பொறுப்பு பிரபாகர் மாமாவிடம் போயிற்று. எல்லோரையும் சமாதானப்படுத்த விரும்பிய அவர், முதலில் சொன்ன பெயரே செல்வராஜ் என்பதுதான்.

இறுதி ஆட்டத்தன்று தூசிக்காற்று கிளம்பியிருந்தது. வானம் சாக்கு நிறத்தில் இருந்தது. கேம்பிலிருந்து இரண்டு பேருந்துகளில் ஆட்கள் வந்திருந்தார்கள். எல்லைக்கோட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்த எங்கள் காரில் நானும் அப்பாவும் உட்கார்ந்திருந்தோம். செல்வராஜ் அண்ணன் வெள்ளைச் சட்டையோடு எங்களிடம் வந்தார். அப்பா கண்ணாடியை இறக்கினார்.

"மாட்டேன்னு சொல்லிரு" என்றார்.

"மாட்டேன்னா ஏன்னு கேப்பாங்க சார். கால் வலின்னா பிடிச்சுவிட நாலு பேர் வருவாங்க." பிறகு, "எனக்கும் ஆசையாத்தான் இருக்கு" என்றார். முகம் வெளிறிப்போய், கண்ணுக்குக் கீழே தண்ணீர் கோத்ததுபோல இருந்தது. ஆனால் பிடிவாதம் பிடிக்கிற பிள்ளையின் சிரிப்பு.

"முடியலேன்னா கையைக் காட்டு. நான் வர்றேன்" என்றார் அப்பா.

அவர் கையைக் காட்டவே இல்லை. தனக்குரிய நான்கு ஓவர்களையும் வீசினார். முதல் பந்திலேயே எதிரணியின் பெரிய ஆட்டக்காரனுடைய நடு ஸ்டம்பு பறந்தது. பிறகு இன்னும் இரண்டு பேர். அந்த வருடம் அவர் அவ்வளவு வேகமாக வீசி யாரும் பார்க்கவில்லை. ஒவ்வொரு பந்துக்கும் பிறகு அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பதையும், அப்பாவின் கை காரின் கதவுப் பிடியில் இருப்பதையும் நான் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறக்கப்படவில்லை. நாங்கள் ஜெயித்தோம். கேம்ப்காரர்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள். கதிரேசன் அண்ணன் எங்கள் காரை நோக்கி நடந்து வந்து, கோபமே இல்லாமல், "இந்த ஆளைத்தான் சார் நீங்க ஃபார்ம் இல்லேன்னு உக்கார வச்சீங்க" என்றார். "நல்லாப் போட்டான்" என்றார் அப்பா.

மறுநாள் காலையில் செல்வராஜ் அண்ணன் டூட்டிக்குப் போனார். மதிய உணவு இடைவேளையில் மூச்சு வாங்குகிறது என்று நிழலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அரசு மருத்துவமனையில் இயந்திரத்தை வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்து பிழைக்க வைத்தார்கள். உட்கார முடிகிற நிலை வந்ததுமே கம்பெனி அவரைச் சக்கர நாற்காலியில் விமானம் ஏற்றி அனுப்பிவிட்டது. ஊரில் அவருக்குப் பெண் பிறந்தது. குழந்தைக்குப் பெயர் வைத்த சில வாரங்களில் அவர் போய்விட்டார்.

செய்தி வந்த அந்த வெள்ளிக்கிழமை, விளையாட்டு இல்லாமலே எல்லோரும் எங்கள் கூடத்துக்கு வந்தார்கள். துக்கம் கேட்பதற்காக வந்தவர்களுக்கு அதை எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. தெரிந்த விதத்திலேயே பேசினார்கள். இறுதி ஆட்டத்தில் அவரை இறக்கியது யார், முதல் ஓவரை மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்தியிருக்கலாமே, தொடர்ந்து நான்கு ஓவர் எதற்கு என்று ஒருவர் கேட்க, பிரபாகர் மாமா குரல் உடைந்து, "எனக்கு எப்படிங்க தெரியும்? யாருக்குமே தெரியாதே" என்றார்.

"எனக்குத் தெரியும்" என்றார் அப்பா.

அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

"தெரிஞ்சுமா சார் காரை விட்டு இறங்காம உக்காந்திருந்தீங்க?" என்றார் கதிரேசன் அண்ணன்.

"சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டான்."

"அவன் கேப்பான் சார். நீங்க சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா கம்பெனி அப்பவே அனுப்பியிருக்கும்" என்றார் பிரபாகர் மாமா.

"அப்பவே அனுப்பியிருந்தா தன் கால்ல நடந்து போயிருப்பான்" என்ற கதிரேசன் அண்ணன் சட்டென்று முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். "ஒரே ரூம்ல இருந்தேன் நான். எனக்கு ஏன்டா சொல்லல" என்று அவர் கேட்டது அப்பாவை அல்ல. பிறகு ஒவ்வொருவராக எழுந்து, வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்கள். அதற்குப் பிறகு எந்த வெள்ளிக்கிழமையும் அவர்கள் வரவில்லை. அடுத்த குளிர்காலத்தில் நம்ம டீம் என்று ஒன்று இருக்கவில்லை.

நான் இப்போது வேலை பார்ப்பது துபாயில். போன வருடம் சிநேகிதி ஒருத்தியின் திருமணத்துக்காகக் குவைத் போனபோது, டாக்சி பிடித்து மங்காஃப் போய்வந்தேன். நாங்கள் இருந்த கட்டிடத்துக்கு வேறு வண்ணம் பூசியிருந்தார்கள். பின்னால் இருந்த கட்டாந்தரை இல்லை. அந்த இடம் முழுக்க ஓர் அடுக்குமாடிக் கட்டிடம், பால்கனிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கீழே காவலுக்கு இருந்த வங்காளதேசத்துக்காரரிடம், இங்கே முன்பு கிரிக்கெட் ஆடுவார்கள் என்று சொன்னேன். அவர் வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறதாம், தெரியாது என்றார்.

அங்கிருந்தே திருச்சியில் இருக்கும் அப்பாவுக்குப் போன் செய்தேன். ஓய்வு பெற்ற பிறகு அவர் கிரிக்கெட் பார்ப்பதில்லை. தொலைக்காட்சியில் வந்தால் எழுந்து போய்விடுவதாக அம்மா சொல்வாள். மைதானத்தில் கட்டிடம் வந்துவிட்டது என்றதும், எந்தப் பக்கத்திலிருந்து கட்டியிருக்கிறார்கள், சாலை அப்படியே இருக்கிறதா என்றெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு, தொடர்பு அறுந்துவிட்டதென்று நினைத்து இரண்டு முறை "அப்பா" என்றேன்.

"இறங்கிப் போய் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்றார். "நான் கூப்பிட்டிருந்தா வந்திருப்பான்."

நான் பதில் சொல்வதற்குள், அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.