பந்து எறிந்த துவான்

மலாயாவில் கோத்தா திங்கிக்குப் பக்கத்தில், ஜப்பானியர் ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது, மேற்பார்வைக்கு வந்து சேர்ந்தவர் அவர். துரையை அங்கே மலாய் வழக்கப்படி 'துவான்' என்றுதான் அழைப்போம். தம் நாட்டில் சம்பளத்துக்குப் பேஸ்பால் ஆடியவராம். பந்து எறிவதில் அவருக்கு இணை கிடையாதாம். குடித்துவிட்டே மைதானத்துக்கு வந்ததால் அனுப்பிவிட்டார்களாம். வலது தோள் பெருத்து, சட்டை எப்போதும் ஒரு பக்கம் ஏறியே நிற்கும். வாழைப்பழத் தோலை எறிவதானாலும், தொப்பியைத் தொட்டு, இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் எறிவார்.

ஒரு நாள் காலை, ஸ்டோர் வாசலில் என் மகளுக்கு எதிரே நாகம் படமெடுத்து நின்றது. அவர், காய்ந்த ரப்பர் பாலில் தாமே உருட்டி வைத்திருந்த பந்தை எடுத்தார். தொப்பியைத் தொட்டார். இடப்பக்கம் பார்த்தார்.

"சீக்கிரம் எறியுங்க துவான், என் புள்ள அங்க நிக்கிது."

நிதானமாக வலப்பக்கமும் பார்த்தார். அதற்குப் பிறகுதான் கை சுழன்றது. நாகம் சுருண்டு விழுந்து அடங்கியது.

"பந்த எடுத்துக் குடு, கிராணி. எனக்குப் பாம்புன்னா பயம்," என்றார்.

எனக்கு மட்டும் பயமில்லையா? நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருக்க, என் மகளே பந்தை எடுத்து வீசினாள். அது நேராக அவர் கையில் போய் விழுந்தது.

அவர் முகம் மாறிவிட்டது. என்னைத் தனியே அழைத்தார்.

"நல்ல கை லா, கிராணி. குடிக்க மட்டும் விடாத."

அப்போது அவளுக்கு ஐந்து வயது. நன்றி சொல்லப் போன நான், "சரிங்க துவான், பாத்துக்கிறேன்," என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். இன்றும் அவள் காப்பி குடித்தால், டம்ளரை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிடுகிறேன்.