ஆடி கழியட்டுமுங்க

ஜெர்மனிக்காரர்கள் ஆஸ்திரியாவைப் பிடித்துக்கொண்ட 1938ஆம் வருஷம் அது. அப்போது நான் சிங்காநல்லூர் பக்கம் ஒரு நூல் மில்லில் மின்சாரப் பகுதி மேஸ்திரியாக இருந்தேன். ஆனி மாதம் எனக்கு வந்த ஒரு கடிதம், அந்த வருஷம் முழுக்க என் தூக்கத்தைக் கெடுத்தது.

எழுதியவர் அந்த ஆஸ்திரியாவின் வியன்னாக்காரர். பைக்காரா மின்சாரம் எங்கள் பக்கம் வந்த புதிதில், மில்லுக்கு மோட்டார் பொருத்த வந்து ஒரு வருஷம் போல இங்கேயே இருந்தார். மோட்டார் தொரை என்று கூப்பிடுவோம். அவருக்கும் இங்கிலீஷ் அரைகுறை, எனக்கும் அரைகுறை. அதனாலேயோ என்னவோ இரண்டு பேருக்கும் நன்றாக ஒத்துப்போனது. என் வீட்டு அரிசிம்பருப்புச் சாதம் என்றால் மனிதருக்கு உயிர். "அம்மணி, இன்னும் கொஞ்சமுங்க" என்று தட்டை நீட்டுவார். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

கடிதத்தில் சிரிக்க ஒன்றும் இல்லை. யூதர் என்பதற்காக அவரை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். குடியிருந்த வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இந்தியாவில் இருக்கும் ஒரு முதலாளி, "இவருக்கு நான் வேலை தருகிறேன், இவர்களுக்கு நான் பொறுப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் பிரிட்டிஷ்காரர்கள் உள்ளே விடுவார்களாம். அவர், அவர் மனைவி, அவருடைய தம்பி என்று மூன்று பேர். உங்கள் முதலாளியிடம் எனக்காகப் பேசுங்கள் என்று கேட்டிருந்தார்.

இதென்ன பெரிய காரியம் என்றுதான் நினைத்தேன். மறுநாளே காகிதத்தை டைப் அடித்து எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். அவர் நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டதும் முகம் வாடிவிட்டது.

"தங்கமான மனுசனுங்க அவரு. அவருக்கா இந்தக் கதி? பாக்கலாமுங்க மேஸ்திரி" என்றார்.

எங்கள் ஊரில் யாரும் முகத்தில் அடித்தாற்போல் முடியாது என்று சொல்லமாட்டார்கள். அந்தப் பணிவுக்குப் பின்னால் எத்தனை நாள் வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளலாம். இரண்டு நாள் கழித்துப் போனால், பங்காளிகளைக் கலந்துக்கோணுமுங்க என்றார். அது முடிந்து போனால் வக்கீலைக் கேக்கோணுமுங்க என்றார். வக்கீலோ, நாளைக்கு யுத்தம் கித்தம் வந்தால் எதிரி நாட்டுக்காரனுக்கு ஜாமீன் நின்றதாக ஆகிவிடும் என்று பயமுறுத்தி வைத்துவிட்டார். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

"ஆடியில எந்த நல்ல காரியமும் எங்கூட்ல தொடங்கறதில்லீங்க. ஆடி கழியட்டுமுங்க" என்றார் முதலாளி, என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்து.

அந்தக் காபி எனக்கு இறங்கவே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் காட்டுவது? சம்பளம் தருகிற கை. இதற்கிடையில் இரண்டாவது கடிதம் வந்தது. தம்பியைத் தெருவில் பிடித்து அடித்தார்களாம், சீக்கிரம் என்று மட்டும் கடைசியில் எழுதியிருந்தார். ஆடி மாதம் என்றால் என்ன என்று வியன்னாவுக்கு எப்படி விளக்கி எழுதுவேன்? காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே திரிந்தேன். வியர்வையில் அது நைந்து போய், மறுபடியும் டைப் அடிக்க வேண்டியதாயிற்று.

ஆவணி பிறந்தது. இனிமேலாவது கையெழுத்தாகும் என்று போனால், அம்மனிடம் பூக் கேட்டுவிடலாம் என்றார்.

எங்கள் பக்கம் பெரிய காரியம் என்றால் பூக் கேட்பது வழக்கம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் செவ்வரளியை ஒரு பொட்டலமாகவும் இலையில் மடித்து அம்மன் முன்னால் போடுவார்கள். ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. மற்ற நாளில் நானும் கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஆள்தான். அன்றைக்கு மட்டும் பொட்டலங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று உயிர் அந்த இலைப் பொட்டலத்துக்குள் கிடந்தது.

பூசாரியின் பேத்தி ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தார்கள். செவ்வரளி.

முதலாளி என்னைப் பார்க்காமல் துண்டை உதறித் தோளில் போட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது கூட வந்திருந்த அவருடைய சம்சாரம் மெல்லக் கேட்டார்.

"ஏனுங்க, அம்மங்கிட்ட என்னன்னு கேட்டீங்க?"

"மில்லுக்கு இவங்களால கெடுதல் வராம இருக்குமான்னு கேட்டேன்."

"அந்த மூணு உசுரு பொழைக்கோணுமா வேண்டாமான்னு கேக்கலீங்களா?"

"அதைப் போயி யாராச்சும் சாமிகிட்டக் கேப்பாங்களா?"

"அப்பறம் எதுக்குங்க இங்க வந்து கேட்டுக்கிட்டு நிக்கறோம்?"

முதலாளி அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டி, "குடுங்க மேஸ்திரி" என்றார். கோயில் வாசலில் நின்ற மோட்டார் கார் மேல் காகிதத்தை வைத்து, மூன்று பேருக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே கோயமுத்தூர் பெரிய தபாலாபீசுக்கு ஓடி அதை அனுப்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. பேப்பரில் அந்த ஊர்ச் செய்தியைப் படிக்கவே பயமாக இருந்தது. தை மாதம் பம்பாயிலிருந்து தந்தி வந்தது. வருகிறோம் என்று ஒரே வார்த்தை. என் மனைவி அப்போதே அரிசியும் பருப்பும் எடுத்து வைத்துவிட்டாள்.

போத்தனூர் ஸ்டேஷனுக்கு முதலாளியே நேரில் வந்தார். கையில் மூன்று சம்பங்கி மாலை. ரயில் நின்றது. தொரை இறங்கினார், பாதியாக இளைத்திருந்தார். அவர் மனைவி இறங்கினார். நான் அவர்களுக்குப் பின்னால் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். ரயில் கிளம்பிப் போய்விட்டது.

காகிதம் வந்து சேர்ந்ததாம், அனுமதியும் கிடைத்ததாம். கப்பலில் இடத்துக்காகக் காத்திருந்தபோது, ஒரு நாள் விடிகாலையில் வந்து தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே என்று தெரியவில்லை. தொரை இதைச் சொல்லிவிட்டு முதலாளியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நன்றிங்க, ரொம்ப நன்றிங்க" என்றார். ஏன் தாமதம் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எங்களுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

முதலாளி இரண்டு மாலையைப் போட்டார். மூன்றாவது அவர் கையிலேயே இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் வீடு வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தம்பியைப் பற்றிக் கடைசி வரை ஒரு தகவலும் வரவில்லை.

அதன்பின் யார் எதைக் கேட்டு வந்தாலும் முதலாளி அந்த இடத்திலேயே முடியும், முடியாது என்று சொல்லிவிடுவார். மனுசன் ரொம்பக் கடுசாகப் போய்விட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் காரணம் தெரியும். இன்றைக்கும் யாராவது அவசரம் என்று வந்து நிற்கும்போது என் வாயில் "பாக்கலாமுங்க" என்று வரப்பார்க்கும். அந்த ஆடியில் வியன்னாவில் அந்தத் தம்பி இன்னும் பிடிபடாமல்தான் இருந்தான் என்று நினைத்துக்கொண்டு அதை விழுங்கிவிடுகிறேன்.