சென்சார் பார்க்கிற என் நாத்தனார்

என் நாத்தனாரை ஆலையில் கோட்டுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். காற்றாலை இறக்கை வார்க்கிற அச்சில் கண்ணாடி நாரை அடுக்கி, மேலே பை போர்த்திக் காற்றை உறிஞ்சி, பிசினை உள்ளே விடுவார்கள். உள்ளே நடப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. அதனால் அச்சில் அங்கங்கே சென்சார் பதித்திருக்கும். பிசின் எவ்வளவு இறுகியது என்று அது காட்டுவது ஒரு கோடு. இப்படித்தான் இறுகும் என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே போட்டுப் பார்க்கும் கணக்கு இன்னொரு கோடு. அதற்கு சிமுலேஷன் என்று பெயர். இரண்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அவள் வேலை. மாப்பிள்ளை பார்த்தபோதுகூட, கோடு ஒத்துப் போகவில்லை என்று தட்டிக்கழித்தவள். வாய் அப்படி.

அதே அச்சில் நார் அடுக்கியவர் அவளுடைய அண்ணன், என் வீட்டுக்காரர். தங்கை சொல் அவருக்கு வேதவாக்கு. எனக்கு வயிற்றெரிச்சல்.

இறக்கையின் அடிப்பக்கத்து சென்சார் மட்டும் கொஞ்ச நாளாகவே, சீக்கிரம் இறுகிவிட்டதாகக் காட்டியது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. மேலே இருப்பவர்களுக்கோ இரண்டு கோடும் ஒட்டி வர வேண்டும். இவள் என்ன செய்தாள்? கணக்கைத் திருத்தி சென்சாரோடு ஒட்ட வைத்தாள். விடையைப் பார்த்து வழியை எழுதுகிற பள்ளிக்கூடத்துப் புத்தி! அந்த சென்சாரின் முகத்தில் பழைய பிசின் ஏடாகப் படிந்து காய்ந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. தன்மேல் ஒட்டியிருந்ததைத்தான் அது அளந்துகொண்டிருந்தது. சுரண்டினால் கீறல் விழும் என்று யாரும் கை வைக்கவில்லையாம்.

ஒரு நாள் இறக்கையை அச்சிலிருந்து தூக்குவதற்கு முன்னால், தட்டிப் பார்க்கட்டுமா என்று இவர் கேட்டிருக்கிறார்.

"வேணாம்ணே, கல்லு மாதிரி இறுகிடுச்சு" என்றாளாம்.

கிரேன் தூக்கியது. அடிப்பக்கம் உள்ளே இறுகவே இல்லை. கொக்கி மாட்டிய இடம் பிய்த்துக்கொண்டு வர, சாய்ந்த இறக்கையின் விளிம்பு இவர் முதுகில் இடித்தது.

இடுப்புக்குக் கீழே இவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பாதத்தில் உணர்வு வந்தால் நடக்க வழியுண்டு, வராவிட்டால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள் என்றார் டாக்டர். நான் அவளைப் பேசாத பேச்சில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, உன் கண் அவிந்து போக என்றுகூடச் சொன்னேன். இவர் மட்டும் அவளை ஒரு நாளும் குறை சொல்லவில்லை. அதுதான் அவளைத் தின்றது.

தினமும் வேலை முடிந்து வருவாள். கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தை அழுத்தி, தெரிகிறதா என்று கேட்பாள். இல்லை இல்லை என்றே சொல்லிவந்தவர், ஒரு நாள் லேசாகத் தெரிகிறது என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. அவள் விக்கி விக்கி அழுதாள். அதற்குப் பிறகு தினமும் தெரிந்தது. ஊன்றுகோல் எங்கே கிடைக்கும் என்றுகூட நான் விசாரித்துவிட்டேன்.

நேற்றும் வந்தாள். இவர் மல்லாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இரண்டு கைகளையும் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"தெரியுதாண்ணே?"

"ம், தெரியுதும்மா. நேத்தைவிட இன்னைக்கு நல்லாவே தெரியுது."

நான் வாயைத் திறந்தேன். வேண்டாம் என்று அவள் தலையசைத்தாள்.

"சரிண்ணே" என்றாள். பிறகு இவர் பாதங்களை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்தது தெரியாமல் இவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.