எழும்பாத ஆக்சிலேட்டர்

அந்த வட்டாரத்தில் அவளை எல்லோரும் கண்ணாடிக்கார அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஜன்னலுக்கோ கடை முகப்புக்கோ, கண்ணாடியை அளந்து வெட்டிப் பொருத்திக் கொடுக்கும் பட்டறை அவளுடையதும் அவள் கணவருடையதும். முன்பு வெட்டுவது அவர், அளவெடுப்பது அவள். ஒருநாள் கண்ணாடி நழுவி அவருடைய வலது மணிக்கட்டைக் கிழித்தது. காயம் ஆறியது, பிடிமானம் திரும்பவில்லை. வெட்டும் வேலையும் அவள் கைக்கு வந்தது.

வாடகை வண்டிக்காரர்கள் பள்ளம் பார்க்காமல் ஓட்டிச் சரக்கை உடைத்துவிட்டுப் போவார்கள். ஏச்சு வாங்குவது இவள். அலுத்துப்போய் ஓட்டப் பழகினாள். பழைய பிக்கப் ஒன்றைப் பார்க்கக் கணவரையும் அழைத்துக்கொண்டு போனாள்.

விற்றவர் பால் பண்ணைக்காரர். அவள் வண்டியை ஒரு சுற்று ஓட்டி வந்து நிறுத்தி, சாவியைத் திருப்பியதும் ஸ்டியரிங் 'டக்'கென்று பூட்டிக்கொண்டது.

"சாவிய உருவுறதுக்கு முன்னாடியே பூட்டிக்குதே?"

"பழைய பூட்டும்மா, தேஞ்சு போச்சு. நின்ன பிறகு ஆஃப் பண்ணுங்க, ஒண்ணும் ஆகாது."

அவள் அதைக் கணவரிடமும் சொன்னாள். அவர் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டே, "இந்த வண்டி மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது, நம்மள ஒரு வழி பண்ணிடும்" என்றார். பல வருஷம் வண்டி ஓட்டிய மனுஷர். இனி பக்கத்து சீட்தான் என்பது அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது.

வண்டியை வாங்கிய பிறகு வந்த முதல் பெரிய சரக்கு, புதிதாகத் திறக்கவிருந்த மருந்துக் கடைக்கான முகப்புக் கண்ணாடிகள். பின்னால் சாய்வுச் சட்டத்தில் கம்பளி கொடுத்து நிற்க வைத்து, கயிற்றால் இறுக்கினார்கள். வழியில் ஒரு மேம்பாலம். பாரத்தோடு ஏற வண்டி முக்கியது. ஆக்சிலேட்டரை அழுத்தி உச்சிக்குக் கொண்டுவந்துவிட்டுக் காலை எடுத்தாள்.

மிதி எழும்பவில்லை.

இன்ஜின் அதே வேகத்தில் உறுமியது. வண்டி இறக்கத்தில் பாய ஆரம்பித்தது. பாலத்தின் அடிவாரத்தில் ஒரு பஸ் நின்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது.

"என்ன பண்ற? காலை எடு!"

"எடுத்துட்டேங்க! சிக்கிக்கிச்சு!"

கிளட்ச்சை முழுசாக அமுக்கினாள். பாரம் விட்டதும் இன்ஜின் காது கிழிய அலறியது. சட்டென்று பிரேக் போட்டால் கண்ணாடி மொத்தமும் முன்னால் சரிந்து, கேபினின் பின்பக்கத்தை உடைத்துக்கொண்டு இருவர் கழுத்திலும் இறங்கும். போடாவிட்டால் பஸ். கொஞ்சம் கொஞ்சமாக மிதித்தாள். பின்னால் கயிறு முறுகும் சத்தம் கேட்டது.

"ஆஃப் பண்ணு! சாவிய ஆஃப் பண்ணு!"

அவர் தன் நல்ல கையைச் சாவிக்கு நீட்டிவிட்டார். அவள் யோசிக்கவில்லை. ஓங்கி அந்தக் கையில் ஓர் அடி போட்டாள். வாழ்க்கையில் அவள் அவரை அடித்தது அதுதான் முதல் தடவை.

"தொடாதீங்க!"

பஸ்ஸின் பின்பக்க எழுத்துகள் படிக்கிற தூரத்துக்கு வந்துவிட்டன. ஓரமாகச் சாலை வேலைக்கு ஜல்லி கொட்டி வைத்திருந்தார்கள். ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் ஒடித்தாள். சக்கரங்கள் ஜல்லியில் புதைந்து, வண்டி குலுங்கி, சாய்ந்து நின்றது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, அதன் பிறகே சாவியைத் திருப்பினாள்.

அலறல் அடங்கியது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் எதுவும் நடக்காதது போல நடந்து போனார்கள்.

"கையில அடிச்சிட்ட" என்றார் அவர்.

"அடிச்சேன். ஆஃப் பண்ணியிருந்தா ஸ்டியரிங் பூட்டியிருக்கும். நேரா பஸ்ஸுல போய்ச் செருகியிருப்போம். வாங்கின அன்னைக்கே சொன்னேன்ல?"

அவர் கையைத் தடவிக்கொண்டார். "சொன்ன. நான்தான் காதுல வாங்கல."

போன் செய்ததும் ஸ்கூட்டரில் மெக்கானிக் வந்தான். "ஆக்சிலேட்டர் கேபிள்ல ஒரு இழை பிஞ்சு உறைக்குள்ள மாட்டிக்கிச்சு" என்று உருவிக் காட்டிவிட்டுப் புதுசு போட்டான். எழுந்து கையைத் துடைத்தபடி, "நல்லா சமாளிச்சிருக்கீங்கண்ணே" என்றான்.

"நான் எங்கப்பா சமாளிச்சேன்? அவதான். என் பேச்சைக் கேட்டிருந்தா கண்ணாடியோட சேர்த்து எங்களையும் கூட்டித்தான் அள்ளியிருக்கணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

ஒரு கண்ணாடி மட்டும் குறுக்கே விரிசல் விட்டிருந்தது. மருந்துக் கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். வேறொன்று வெட்டித் தருவதாகச் சொல்லி மற்றவற்றைப் பொருத்திவிட்டு வந்தார்கள். ஸ்டியரிங் பூட்டை மாற்றும் வரை வண்டி பட்டறை வாசலைத் தாண்டவில்லை. அவர் இனி வண்டியை விற்கச் சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் சொல்லவில்லை.

அடுத்த சரக்கோடு அதே பாலம் ஏறியபோது, உச்சியில் அவள் காலை எடுத்து எடுத்து, மிதி எழும்புகிறதா என்று பார்த்தாள். வண்டி ஊர்ந்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான்.

"ஒரு அவசரமும் இல்ல, மெதுவாப் போ" என்றார் கணவர். "அவன் ஹாரன் அடிச்சா அடிச்சுட்டுப் போகட்டும்."