சுண்டுவிரல் பாலிஷ்

மீரான் சாகிபு சுண்டுவிரலில் பழைய பனியன் துணியைச் சுற்றி, அதன் ஓரத்தைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போடுகிறார். பஸ்ஸின் விலாவில் முழ உயரத்துக்குப் பொன்னிறத்தில் 'நீலாயதாட்சி' என்று எழுதியிருக்கிறது. எழுத்தும் சிவப்புப் பெயிண்டும் சந்திக்கும் கோட்டில் அந்த விரல் எறும்பாக ஊர்கிறது. மற்ற இடத்தையெல்லாம் உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பவர், எழுத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விடுவார்.

காரைக்குடி பஸ் ஷெட்டுகளில் 'பாலிஷ் பாய்' என்றால்தான் அவரைத் தெரியும். எழுத்தின் இடுக்கில் பாலிஷ் தங்கினால் காய்ந்து வெள்ளை பூத்துவிடும். "மாவு பிசைஞ்ச கையோட கல்யாணத்துக்கு வந்த மாதிரில்ல இருக்கும்!" என்பார். ஈர்க்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி அதை நோண்டி எடுத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். வெயிலில் நின்ற வண்டியைத் தொடவே மாட்டார். முதலாளியே வந்து விரட்டினாலும் புறங்கையைத் தகரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் இன்னும் இறங்கலை. அங்குட்டு நிழல்ல போடச் சொல்லுங்க" என்பார். முதலாளியும் முணுமுணுத்துக்கொண்டே போய்விடுவார்.

இந்தப் பொறுமை பிறவியில் வந்ததல்ல, பட்டு வந்தது.

பஸ்களுக்கு எழுத்து எழுதுகிறவர் பெயிண்டர் சோணை. பெரிய எழுத்தெல்லாம் முடிந்ததும் கீழ் மூலையில் சுண்டைக்காய் அளவில் தன் பெயரைப் போடுவார். ஆயுத பூசையன்று மற்றவர்கள் கண்ணாடிக்கும் சக்கரத்துக்கும் சந்தனம் வைப்பார்கள். சோணை தன் பெயரின் மேல் ஒரு பொட்டு வைத்துக் கும்பிடுவார். மறுநாள் காலை, பெயிண்டில் கறை இறங்குவதற்குள் சந்தனத்தைத் துடைத்துவிடுவது மீரான் சாகிபின் வேலை. அறுபத்தெட்டாம் வருஷம், முதல் ட்ரிப்புக்கு நேரமாகிவிட்டதென்று காய்ந்த சந்தனத்தை அப்படியே தேய்த்தார். காய்ந்த சந்தனம் உப்புத்தாளுக்குத் தம்பி. பெயிண்டோ இன்னும் இறுகாத புதுப் பெயிண்ட். சந்தனத்தோடு பெயரும் வந்துவிட்டது.

"எம் பேரையே தொடைச்சுட்டீகளே!" என்றார் சோணை.

அதுவரை வாய் நிறைய 'மாமா' என்று கூப்பிட்டவர் அன்றோடு நிறுத்திக்கொண்டார். எழுதுவது பிழைப்பு, அதை விட முடியுமா? ஆனால் மீரான் சாகிபின் கை படுகிற வண்டி எதிலும் பெயர் போடுவதில்லை.

அப்புறம் வருஷக்கணக்காக இருவரும் பேசிக்கொண்டது பஸ் மூலமாகத்தான். "தாயே, எழுத்து இன்னும் காயலை. தேய்க்கிறவுககிட்டச் சொல்லு" என்பார் சோணை, பானெட்டைப் பார்த்து. "ஆத்தா, எழுதுனவுக டீ குடிச்சாகளான்னு கேட்டுச் சொல்லு" என்பார் இவர். ஷெட்டே சிரிக்கும். மீரான் சாகிபும் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்குப் போய் மனைவி சைதுன் பீவியிடம்தான் உண்மை வரும். "அந்த மூலை வெறிச்சுன்னு கெடக்கதைப் பார்க்க முடியலை புள்ள. என்னைக்குத்தான் அவரு பேரு திரும்ப வருமோ!" பெயரில்லாத அந்த மூலைக்கு மட்டும் அவர் கூடுதலாக ஒரு கை மெழுகு போட்டு வந்தார். மனிதருக்கு வேறு எப்படி மன்னிப்புக் கேட்கத் தெரியும்?

சென்ற ஆயுத பூசைக்கு 'நீலாயதாட்சி'க்குப் புதிதாக எழுத்து எழுதியிருந்தார் சோணை. கண்டக்டர்கள் உற்சாகத்தில் எழுத்துக்கு எழுத்து சந்தனத்தை அப்பிவிட்டார்கள். மறுநாள் விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்த மீரான் சாகிபு அதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு பொட்டின் மேலும் நனைத்த துணியை ஒட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

டிரைவர் தங்கச்சாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "பாய், நெற்குப்பை ஊருச் சனம் ஸ்டாண்டுல காத்துக் கெடக்கு. ஒரே இழுப்பா இழுத்து விடுங்க."

"அப்படி இழுத்துத்தானப்பா ஒரு மனுசரை விட்டுட்டு நிக்கிறேன். ஊறட்டும்."

ஊறிய சந்தனம் தானாகவே வழுக்கிக்கொண்டு வந்தது. கால்படக் கூடாதென்று அதைக் கொட்டாங்கச்சியில் வழித்து வேப்பமரத்தடியில் ஊற்றினார். அதன் பிறகுதான் சுண்டுவிரல் வேலைக்கு இறங்கியது.

எதிர் டீக்கடையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த சோணை எழுந்து வந்தார். எழுத்தின் ஓரமெல்லாம் நகத்தால் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. போய்ப் பெயிண்ட் டப்பாவையும் மெல்லிய பிரஷையும் எடுத்துவந்து கீழ் மூலையில் குந்தினார். பிரஷை வைத்தால் பெயிண்ட் பிடிக்காமல் நழுவுகிறது.

"இந்த மூலையை மட்டும் ஏன் இப்படி மெழுகி வச்சிருக்கீக?" என்றார். பஸ்ஸைப் பார்த்தல்ல, நேராக மீரான் சாகிபைப் பார்த்து.

மீரான் சாகிபு டர்பன்டைன் புட்டியை எடுத்து நீட்டினார். சோணை மெழுகைத் துடைத்துவிட்டுச் சுண்டைக்காய் அளவில் பெயரை எழுதி முடித்தார்.

"காயிற வரைக்கும் கை வச்சிராதீக, மாமா."

"வெளங்குன மாதிரிதான்! முதலாளிகிட்ட நீங்களே பதில் சொல்லிக்கிருங்க" என்று தங்கச்சாமி, பெயிண்ட் காயக் காத்திருக்க நேரமில்லாமல், ஓரமாகக் கிடந்த வேறொரு ஓட்டை வண்டியில் ஏறி, உறுமவிட்டு, வெடுக்கென்று கிளப்பினார். ஷெட்டின் செம்மண் புழுதி ஆளை மறைக்கிற அளவுக்கு எழும்பியது. மீரான் சாகிபு தலைத் துண்டை உருவிக்கொண்டு 'நீலாயதாட்சி'யின் மூலைக்கு ஓடினார். குத்துக்காலிட்டு, ஈரப் பெயரின் மேல் படாமல் ஒரு சாண் தள்ளி, துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். புழுதி அடங்கிய பிறகும் அவர் கையை இறக்கவில்லை.